தாயமும் தர்ப்பணமும்

திருஎவ்வுள் என்னும் இத்திவ்ய தேசத்தில், அமாவாஸ்யைதோறும் ஹ்ருத்தாபநாசினித் தீர்த்தக்கரையில் பித்ருக்களுக்கு எள்ளும் நீரும் இறைப்போர் திரளாகக் கூடுவதை அன்பர்கள் அறிவர். அந்த நீருக்கும், ஒருவன் எதிர்பாராமல் அடையும் சொத்துக்கும் தர்ம சாஸ்திரத்தில் நெருங்கிய ஸம்பந்தம் உண்டு. அது சிறிது விசாரிக்கத் தக்கது.

உடையவனோடு உள்ள உறவு ஒன்றையே காரணமாகக் கொண்டு வேறொருவனுக்கு உரிமையாகும் தனத்திற்குத் 'தாயம்' என்று பெயர். அதனைப் பெறுபவன் தாயாதன். தமிழில் தாயாதி என்கிறோம். யாஜ்ஞவல்க்ய ஸ்மிருதிக்கு மிதாக்ஷரா என்னும் உரை வகுத்த விஜ்ஞானேசுவரர், சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் (1076–1126) காலத்தவர். அவர் தாயத்தை இருவகையாகப் பிரித்தார். தந்தை, பாட்டன் சொத்தில் மகனுக்கும் பேரனுக்கும் பிறப்பினாலேயே வருவது அப்ரதிபந்தம், அதாவது தடையற்றது. புத்திரனில்லாதவன் காலமான பின்பே பிறருக்கு வருவது ஸப்ரதிபந்தம், தடையுள்ளது. தூர உறவினரிடமிருந்து வரும் சொத்து இந்த இரண்டாம் வகை.

மனைவி, மகள், பெற்றோர், சகோதரர், அவர்தம் புதல்வர் என்று வரிசை செல்லும். அப்பால் 7 தலைமுறை வரை ஸபிண்டர், 14 தலைமுறை வரை ஸமானோதகர், பின்னர் பந்துக்கள். ஸமானோதகர் என்றால் 'ஒரே நீரை உடையவர்' என்பது பொருள். ஒருவருக்கொருவர் முகமறியாவிடினும், தர்ப்பண நீரால் பிணைக்கப்பட்டவர் என்பதே கருத்து.

1956ஆம் ஆண்டின் ஹிந்து வாரிசுரிமைச் சட்டமும் இத்தகைய வரிசையை விடவில்லை. உயில் எழுதாமல் இறந்த ஆண்மகனின் சொத்து, முதலில் முதல் வகுப்பு வாரிசுகளான மக்கள், மனைவி, தாய் முதலியோரைச் சேரும். அவர்கள் இல்லையேல் இரண்டாம் வகுப்பினர். பிறகு முற்றிலும் ஆண்வழி உறவினர். அதன்பின் ஏனைய உறவினர். உறவு எத்தனை தலைமுறை விலகியிருப்பினும் உரிமை அறுபடாது. ஒருவருமே இல்லாவிடில்தான் அரசுக்குச் சேரும். சாஸ்திரமும் இறுதியில் அரசனையே சொல்லிற்று.

கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழில் வளாகம் அமைந்த பிறகு, அச்சுற்றுவட்டாரத்தில் ஒரு சிறு புன்செய்த் துண்டும் பெருந்தனமாகிவிடக் கூடும். பாட்டனாரின் தாயாதி ஒருவர் சந்ததியின்றி மறைய, சென்னையில் வாழும் ஒருவருக்குப் பங்கு வந்ததென்று கொள்வோம். அப்போது அவருக்குச் செய்தற்குரியவை மூன்று.

முதலாவது, தமக்கு நெருங்கிய வாரிசு எவரேனும் உளரா என்று தாமே தேடுதல். மணமாகிப் பிறவூர் சென்ற மகளை மறைத்து வாரிசுச் சான்று பெறுவது திருட்டேயாகும். இரண்டாவது, இறந்தவரின் கடனைத் தீர்த்தல். சொத்தை ஏற்றவன் கடனையும் ஏற்க வேண்டும் என்பது யாஜ்ஞவல்க்யர் விதி; பெற்ற சொத்தின் அளவுக்குக் கடன் பொறுப்புண்டு என்பது இன்றைய நியாயமும் ஆகும். மூன்றாவது, தனத்தைக் கொள்பவனே பிண்டமும் அளிக்கக் கடவன் என்று ஸ்மிருதி கூறுவதால், அவருடைய திதியை விடாது நடத்துதல்.

முதல் இரண்டையும் நீதிமன்றம் கேட்கும். மூன்றாவதைக் கேட்பார் எவருமில்லை. ஆதலின் அதுவே மனிதனைச் சோதிப்பது. பத்திரத்தில் தம் பெயரை ஏற்றிக்கொண்டவர், ஸங்கல்பத்தில் அந்த முகமறியாதவரின் பெயரையும் கோத்திரத்தையும் சொல்லி ஒரு கை நீர் விடுவாராயின், தாயம் தாயமாகும். அன்றேல் அது வெறும் ஆதாயம்.

ஸ்ரீ வைத்ய வீரராகவன் திருவருளால் அனைவருக்கும் ஸர்வமங்களமும் உண்டாகுக.