கொட்டகையில் கிடக்கும் எம்.ஜி.பி: சாவியைத் திருப்புமுன்

கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, சபாக் பெர்ணம் பக்கத் தோட்டங்களில், பழைய பங்களாக் கொட்டகையில் எம்.ஜி.பி மாதிரி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வருடக்கணக்கில் கிடந்தால், பேட்டரி மாட்டி உடனே ஸ்டார்ட் பண்ணத்தான் கை பரபரக்கும். பொறுங்கள். எண்ணெய் வற்றிய எஞ்சினைச் சுழற்றினால் உள்ளே கீறல் விழும்.

1. முதலில் பாம்பைப் பாருங்கள். செம்பனைத் தோட்டத்தில் எலி அதிகம். கூகைக்குப் பெட்டி கட்டி வைப்பதே அதற்காகத்தான். எலி இருக்கும் இடத்துக்கு நாகமும் வரும். பகல் வெளிச்சத்தில், பூட்ஸ் போட்டு, நீளக் கம்பால் தட்டிவிட்டுப் பானட்டைத் திறங்கள். சீட்டுக்கு அடியிலும் தேடுங்கள். எலி கடித்த ஒயர் ஒன்றே ஒன்று இருந்தாலும் பேட்டரி மாட்டக் கூடாது.

2. எம்.ஜி.பி 1962 முதல் 1980 வரை வந்தது. பழைய மாடல்களில் சீட்டுக்குப் பின்னால் 6 வோல்ட் பேட்டரி இரண்டு இருக்கும். 1967 வரை வந்தவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இன்றைய கார்களுக்கு நேர்மாறு. இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம். அதைப் பார்க்காமல் பக்கத்து வீட்டு மைவியிலிருந்து ஜம்பர் கேபிள் இழுக்காதீர்கள்.

3. டாங்கியில் உள்ள பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள். வார்னிஷ் வாடை வந்தால் அது கெட்டது. வெட்டவெளியில், நெருப்பு அண்டாமல் செய்யுங்கள். கால்வாயில் ஊற்ற வேண்டாம்.

4. இந்தக் குறிப்புக்குத்தான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிளக் ஒயர்களுக்கு எண் போட்டுக் கழற்றுங்கள் (தீப்பொறி வரிசை 1-3-4-2). பிளக்குகளை எடுத்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊற விடுங்கள். பிறகு நாலாவது கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெதுவாகத் தள்ளுங்கள். எஞ்சின் அசைந்தால் நல்லது. அசையாவிட்டால் இன்னும் ஊறட்டும், முரட்டுத்தனம் வேண்டாம். அசைந்ததும் எண்ணெய், ஃபில்டர் இரண்டையும் மாற்றுங்கள். பிளக் மாட்டாமலே ஸ்டார்ட்டரைச் சுற்றி, டாஷ்போர்டில் எண்ணெய் அழுத்த முள் எழும்புகிறதா என்று பாருங்கள். முள் எழும்பிய பிறகுதான் பிளக் மாட்ட வேண்டும்.

5. கார்புரேட்டர் இரண்டும் எஸ்.யூ. ஏர் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். 'டக்'கென்று விழ வேண்டும். தயங்கி இறங்கினால் கழற்றித் துடையுங்கள். எமரி தாள் போடவே கூடாது.

6. பெட்ரோல் பம்ப் பின் சக்கரத்துப் பக்கம் இருக்கிறது. புதுப் பெட்ரோல் ஊற்றிச் சாவி போட்டால் சில முறை டிக் டிக் என்று அடித்து நிற்க வேண்டும். நிற்காமல் அடித்தால் எங்கேயோ கசிவு, அல்லது பெட்ரோல் வரவில்லை.

7. எஞ்சின் ஓடிவிட்டது என்று வண்டியை நகர்த்தாதீர்கள். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். மலாக்கா நீரிணையின் உப்புக் காற்றும் சேர்ந்தால் சக்கர சிலிண்டர் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்துவிடும். ரப்பர் ஹோஸ், சீல், எண்ணெய் எல்லாமே புதிதாகப் போடுங்கள். நல்ல போர்மேன் ஒருவரிடம் இந்த வேலையை மட்டுமாவது கொடுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் எஞ்சினுக்கு முன்பே பிரேக்குக்குத்தான் பணம் செலவழிக்க வேண்டும்.

8. டயர் பக்கவாட்டில் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2309 என்றால் 2009ஆம் ஆண்டின் 23வது வாரம் செய்த டயர். பூ நன்றாகத் தெரிந்தாலும் அவ்வளவு பழைய டயரை நம்பி ஓட்டாதீர்கள்.

9. முதல் ஓட்டம் தோட்டத்துக்குள்ளேயே இருக்கட்டும், கையில் தீயணைப்பானோடு. சாலை வரியும் காப்புறுதியும் இல்லாமல், செம்பனை லோரிகள் ஓடும் 5ஆம் எண் கூட்டரசுச் சாலைக்கு இறக்கக் கூடாது. கிராண்டில் உள்ள சேசிஸ் எண், எஞ்சின் எண் இரண்டும் வண்டியோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்து, ஜே.பி.ஜேயில் முதலிலேயே விசாரியுங்கள். பரிசோதனைக்கு இழுவை லோரியில் கொண்டுபோங்கள்.

10. தரைத்தகடு ஓட்டையாக இருக்கிறதே என்று பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எம்.ஜி.பிக்கு உதிரிப் பாகம் இன்றும் கிடைக்கிறது. இங்கிலாந்தின் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் முழு பாடியையே புதிதாகச் செய்து விற்கிறது.