பவர் சப்ளை சோதிக்கும் தம்பிக்கு

தம்பி முகிலனுக்கு,

அந்த மலிவு பக் கன்வெர்ட்டர் மாட்யூலைப் பற்றி நீ அனுப்பிய சோதனை அறிக்கையைப் படித்து முடித்துவிட்டேன். எஃபிஷியன்சி அட்டவணை, லைன் ரெகுலேஷன், முழு லோடில் ஓடவிட்டு எடுத்த சூட்டுக் கணக்கு ஆகியவற்றைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. வயரில் விழும் வோல்டேஜைக் கழித்துவிட்டு முனையிலேயே அளந்திருக்கிறாய். அதுபோதும்.

எனக்கு எரிச்சல் வந்தது நாலாம் பக்கத்தில். "கரண்ட் லிமிட்: தேர்ச்சி" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறாய். 24 வோல்ட் வைத்தாய், லிமிட்டை 0.100 ஆம்பியரில் நிறுத்தினாய், அவுட்புட்டை ஷார்ட் செய்தாய். டிஸ்ப்ளே 0.100 என்றது. உன் மல்டிமீட்டரும் அதையே சொன்னது. உடனே டிக் அடித்துவிட்டாய். கடன் வாங்கியவனிடமே போய் பாக்கி எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு வருகிற கணக்கப்பிள்ளை வேலை இது. மல்டிமீட்டரும் சேர்ந்து சொன்னதே என்பாய். அது நொடிக்கு இரண்டு மூன்று தரம் கண் திறந்து பார்க்கும் கருவி. நடக்க வேண்டியது நடந்து முடிந்து வெகு நேரம் கழித்துத்தான் அது விழிக்கிறது.

மூன்றாம் பக்கத்துப் படத்தை நீயே ஒரு தரம் பார். அவுட்புட் முனையை ஒட்டி 470 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் கெப்பாசிட்டர் நிற்கிறது. 24 வோல்ட்டில் அதற்குள் இருப்பது சுமார் 0.135 ஜூல். ஷார்ட் செய்த பாதையின் மொத்த ரெசிஸ்டன்ஸ் 0.2 ஓம் என்று வைத்துக்கொள். ஏட்டுக் கணக்கில் முதல் வீச்சு 120 ஆம்பியர். டைம் கான்ஸ்டன்ட் 94 மைக்ரோ நொடி. நீ வைத்த லிமிட்டைப் போல ஆயிரத்து இருநூறு மடங்கு! கன்ட்ரோல் சர்க்யூட் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. கெப்பாசிட்டருக்கும் முனைக்கும் நடுவே மறிப்பதற்கு எதுவுமே இல்லை. லிமிட் வேலை செய்வதெல்லாம் கெப்பாசிட்டர் காலியான பிறகுதான்.

இது பொடி விஷயம் இல்லை. உன் அறிக்கையைப் படிக்கிற பையன் என்ன செய்வான்? லிமிட்டை 20 மில்லியாம்பியரில் வைத்துவிட்டு, அவுட்புட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு 5 மி.மீ. எல்இடியைக் கொண்டுபோய் முனையில் தொடுவான். எல்இடி ஒரு மின்னு மின்னி இறந்துபோகும். டிஸ்ப்ளே அப்போதும் யோக்கியமாக நிற்கும். முதலில் எல்இடியை மாட்டு, பிறகு அவுட்புட்டை ஆன் செய் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவனுக்கு அந்தச் செலவு மிச்சம். லீனியர் சப்ளையிலும் அவுட்புட் கெப்பாசிட்டர் உண்டுதான். ஆனால் அங்கே சுவிட்ச்சிங் ரிப்பிளை அடக்கும் வேலை இல்லாததால் சின்னதாக வைத்துத் தப்பிக்கலாம். பக் கன்வெர்ட்டருக்கு அந்த வசதி கிடையாது. ரிப்பிள் குறைய வேண்டுமென்றால் கெப்பாசிட்டரைக் கூட்டவேண்டும். கூட்டினால் லிமிட் பேருக்குத்தான். மலிவு மாட்யூலில் அந்தப் பேரத்தை எங்கே முடித்திருக்கிறார்கள் என்பதைத்தான் நீ அளந்து சொல்லியிருக்கவேண்டும்.

அளப்பதும் கஷ்டமில்லை. கையால் ஷார்ட் செய்யாதே. முனைகள் துள்ளும், ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு படம் வரும். ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்கிற ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட் ஒன்று, 0.1 ஓம் ஷண்ட் ஒன்று, கேட்டைத் தட்ட ஒரு 555. வயர்வவுண்ட் ரெசிஸ்டரை ஷண்ட்டாகப் போடாதே, அதன் சுருளே உன் அலையைக் கெடுத்துவிடும். ஷண்ட்டின் குறுக்கே ஸ்கோப்பை சிங்கிள் ஷாட்டில் வை. முதலில் 5 வோல்ட், பிறகு 12, கடைசியாக 24. உச்சம் எவ்வளவு, லிமிட்டுக்கு இறங்க எவ்வளவு நேரம் என்ற இரண்டு எண்கள் போதும். அந்த இரண்டும் உன் பத்துப் பக்கத்தைவிடக் கனமானவை.

அடுத்தது ரிப்பிள். "180 மில்லிவோல்ட், மிக மோசம்" என்று சிவப்பில் எழுதியிருக்கிறாய். படத்தில் புரோபின் கிரவுண்ட் கிளிப் வயர் முழு நீளத்துக்கு மேஜையில் வளைந்து கிடக்கிறது. 15 சென்டிமீட்டர் வயர் என்றால் ஏறக்குறைய 150 நானோஹென்றி. புரோபின் 12 பிக்கோஃபாரட்டோடு சேர்ந்தால் 120 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ரீங்கரிக்கும். உன் படத்தில் ஒவ்வொரு சுவிட்ச்சிங் விளிம்பிலும் தெரிகிற முள் கொத்தில் பாதிக்கு மேல் உன் வயர் பாடிய பாட்டு. நம்பிக்கை இல்லையென்றால், புரோபின் முனையை அதன் கிரவுண்ட் கிளிப்போடே கோத்து, இரண்டையும் சேர்த்து மாட்யூலின் மைனஸ் முனையில் வை. நியாயப்படி திரையில் நேர்க்கோடுதான் வரவேண்டும். வராது. அங்கே மிஞ்சுகிற முட்களுக்கும் மாட்யூலின் ரிப்பிளுக்கும் சம்பந்தமில்லை.

கிளிப்பைக் கழற்றிவிட்டு, புரோபோடு வரும் சிறு ஸ்பிரிங்கை மாட்டு. 20 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்விட்த் லிமிட்டை ஆன் செய். அளக்கும் இடத்தில் 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்றும் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்றும் போடு. கம்ப்யூட்டர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் வழிகாட்டி கேட்பது இதைத்தான். அப்போதுதான் உன் எண்ணை இன்னொருவர் எண்ணோடு ஒப்பிட முடியும். ஹ்யூலெட்-பேக்கர்ட் பழைய நாளில் வெளியிட்ட டிசி பவர் சப்ளை கையேடு, அப்ளிகேஷன் நோட் 90பி, தேடி எடுத்துப் படி. ஸ்கோப்பை எப்படி மாட்டக்கூடாது என்று படம் போட்டே விளக்கியிருப்பார்கள். இன்னொன்று. இன்புட்டுக்கு நீ வைத்தது 48 வோல்ட் அடாப்டர். அதன் இரைச்சலையும் மாட்யூல் தலையில் கட்டியிருக்கிறாய். யுபிஎஸ் பேட்டரி இரண்டை சீரிஸில் போட்டு 12 வோல்ட் அவுட்புட்டுக்கு ஒரு தரம் எடு. 180 எங்கே போய் நிற்கிறது பார்ப்போம்.

இவ்வளவு திட்டியவன் ஏழாம் பக்கத்துக்காக உன்னைக் கட்டிக்கொள்ளவும் தயார். ஒரே கடையில் ஒரே நாளில் இரண்டு மாட்யூல் வாங்கியிருக்கிறாய். டிஸ்ப்ளே 1.000 ஆம்பியர் காட்டும்போது ஒன்றில் உண்மை 1.004, மற்றதில் 0.981. சராசரி போட்டு மூடி மறைக்காமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறாய். பிறகு மூடியைத் திறந்து, இரண்டிலும் இன்டக்டரே வேறு என்று படம் எடுத்துப் போட்டாயே, அங்கே நான் எழுந்து நின்றுவிட்டேன். "இந்த மாடல்" என்று எங்கேயும் எழுதாமல் "இந்த இரண்டு பீஸ்" என்றே கடைசிவரை எழுதியிருக்கிறாய். இந்த நிதானம் வயதானவர்களிடமே இல்லை. சிப்பின் மேலே எல்எம்2596 என்று அச்சடித்திருக்கும். டேட்டாஷீட் 150 கிலோஹெர்ட்ஸ் என்னும். ஸ்கோப்பில் பார்த்தால் 50 பக்கத்தில் ஓடும். இப்படிப்பட்ட போலிகள் புழங்குகிற சந்தையில், பெயரை வைத்துத் தீர்ப்பு எழுதாமல் கையிலிருக்கும் பீஸை வைத்து எழுதியவன் நீ. அந்த ஒரு பக்கத்தை ஜூனியர் பையன்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கப்போகிறேன்.

இப்போது என் பழைய பல்லவிக்கு வருகிறேன். ஆன் செய்யும்போதும் ஆஃப் ஆகும்போதும் என்ன நடக்கிறது? உன் அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

82-இல் ஏசியாடோடு கலர் டிவி வந்தபிறகு சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருந்த வாத்தியாரிடம் வேலை கற்றவன் நான். அவர் பெஞ்சில் இருந்தது அவரே கட்டிய சப்ளை. ஃபேர்சைல்டிலிருந்து 1967-இல் வெளிவந்த 723 ஐசியும், ஹீட் சிங்க்கில் ஒரு 2என்3055-உம். இரண்டு வோல்ட்டுக்குக் கீழே இறங்காது. டிஸ்ப்ளே என்ன, டிஜிட் என்ன, ஒரு முள் மீட்டர்தான். அதன் கண்ணாடியும் விரிசல். யாராவது சப்ளை கட்டி எடுத்துக்கொண்டு வந்தால் அவர் மீட்டரைத் தொடவே மாட்டார். ஸ்கூட்டரின் 6 வோல்ட் பல்பை மாட்டி, 6 வோல்ட் வைத்து, மெயின் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பார். அணைக்கும்போது பல்பு மங்குவதற்கு முன்னால் ஒரு கணம் பளீரென்றால், "எடுத்துட்டுப் போப்பா" என்று தள்ளிவிடுவார். கன்ட்ரோல் ஐசிக்குப் போகும் சப்ளை முதலில் சரிந்து, பெரிய கெப்பாசிட்டரில் இன்னும் மிச்சம் இருந்தால், பாஸ் டிரான்சிஸ்டர் கட்டவிழ்ந்து இருப்பதையெல்லாம் கொட்டிவிடும். காரணத்தை அவர் சொல்லமாட்டார். பல்பைக் காட்டுவார், அவ்வளவுதான். பல்பு மந்தம், மில்லி நொடிக் கோளாறு அதில் தெரியாது. உன்னிடம் ஸ்கோப் இருக்கிறது.

நம் ஊரில் கரண்ட் போகும், வரும். அதனால் கேட்கிறேன். 5 வோல்ட்டில் ஒரு போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போது இன்புட்டைப் பிடுங்கினால் அவுட்புட் ஒழுங்காக இறங்குகிறதா, ஒரு துள்ளு துள்ளி இறங்குகிறதா? இன்புட் மெதுவாகச் சரிந்தால் எப்படி? திரும்ப வரும்போது அவுட்புட் ஆஃபில் நிற்கிறதா, தானே ஆன் ஆகிறதா? மெனுவில் அதற்கு ஒரு செட்டிங் இருக்கும். மெமரியில் கடைசியாக 24 வோல்ட்டை வைத்துவிட்டு நீ டீ குடிக்கப் போயிருந்தால், கரண்ட் வந்ததும் முனையில் என்ன இருக்கும்? லோடு இல்லாமலும், அரை ஆம்பியரிலும், 3 ஆம்பியரிலும் தனித்தனியாக எடு. இரண்டு பீஸிலும் எடு. இன்டக்டர் வேறு என்றால் இதுவும் வேறாக இருக்க வாய்ப்புண்டு.

என்னிடம் ஒரு எலக்ட்ரானிக் லோடு சும்மா தூங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போ. ஃபேன் கொஞ்சம் கத்தும், பயப்படாதே. அலைகளைப் படம் எடுத்து அனுப்பும்போது ஸ்கோப்பின் கீழ் வரி முழுதாகத் தெரியட்டும். போன தடவை டைம் ஸ்கேலைக் கட்டைவிரலால் மறைத்திருந்தாய்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் அண்ணன்