நீரிழிவும் நினைவாற்றலும்

சேர்வராயன் மலைமீது, ஏற்காட்டை அடுத்து மஞ்சக்குட்டை என்னும் சிற்றூர் உள்ளது. காப்பித் தோட்டங்களுக்கிடையே செல்லும் மலைப் பாதைகளில் பழகிய முதியவர் ஒருவர், ஒருநாள் தம் வீட்டு வழியையே மறந்து திகைத்து நிற்பாராயின், நம் உள்ளம் எவ்வளவு வருந்தும்! முதுமையில் இவ்வாறு நினைவு மங்குதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று நீரிழிவு நோய்.

இந்நோய் கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதைப் பலரும் அறிவர். மூளையையும் தாக்கும் என்பதை அறிந்தோர் சிலரே. மூளைக்கு முதன்மையான உணவு குருதியிலுள்ள சர்க்கரையே. அதுவே அளவு கடந்து நெடுங்காலம் நிற்குமாயின், மூளையின் நுண்ணிய குருதிக் குழாய்கள் பழுதடையும். நினைவாற்றல் சிறிது சிறிதாகக் குன்றும்.

நீரிழிவுடைய முதியோர்க்கு மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு என்று, நெதர்லாந்து நாட்டு ராட்டர்டாம் நகரில் நடந்த ஆய்வு 1999-ஆம் ஆண்டில் கூறிற்று. நீரிழிவு எவ்வளவு இளமையில் வருகிறதோ அவ்வளவுக்கு இடரும் மிகும் என்று, 2021-இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வு காட்டிற்று. நெடுநாள் நோயுற்றோர்க்கு மருந்தினால் சர்க்கரையை மிகவும் குறைத்தால் நினைவு மேம்படுமோ? மேம்படவில்லை என்று 2011-இல் வட அமெரிக்க அறிஞர் கண்டனர். சர்க்கரை மிகத் தாழ்தலும் மூளைக்குக் கேடே. ஆதலின் மருத்துவர் வகுத்த அளவில் அதனை நிறுத்துதலே முறை.

நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடையோர் என்று 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு தெரிவித்தது. எனவே, மாணவர்களே! அளவறிந்து உண்ணுங்கள், நாள்தோறும் நடந்து பழகுங்கள். இளமையில் நடக்கும் நடை, முதுமையில் நினைவுக்கு அரணாகும்.