நலப்பணியும் நாட்குறிப்பும்

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. இதில் சேரும் கல்லூரி மாணவி ஆண்டுக்கு 120 மணி வீதம் ஈராண்டுகளில் 240 மணி பணி செய்ய வேண்டும். கிராமத்திலேயே தங்கும் ஏழு நாள் முகாமும் உண்டு. முடித்தவருக்குச் சான்றிதழ் தருவார்கள், உதவித்தொகை கிடையாது.

என் பெரியப்பா மகள் வெளியூரில் முதலாண்டு படித்தார். பெரியப்பாவுக்கு இலஞ்சிப் பக்கம் மாற்றலாகவே, அக்காவும் கல்லூரி மாறினார். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாம் பத்திரமாய்க் கொண்டுவந்தவர், பணி நாட்குறிப்பை மட்டும் வாங்கவில்லை. வெயிலில் நின்று மரக்கன்று நட்ட 120 மணிக்கு எழுத்தில் ஒரு வரிகூட இல்லை! புதிய கல்லூரியின் திட்ட அலுவலர் கனிவாகத்தான் பேசினாராம். ஆனால் கையொப்பமில்லாத மணிகளை அவர் எப்படிக் கணக்கில் சேர்ப்பார்? பழைய கல்லூரிக்கு இரண்டு கடிதம் போட்டும் பதிலில்லை. அக்கா முதலிலிருந்து தொடங்கி, இறுதியாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே 240 மணியையும் முடித்தார். “நட்ட மரம் அங்கே நிற்குமே” என்று சிரிக்கிறார். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை!

நாளை நம்மில் யாரேனும் கல்லூரி மாறினால், மாற்றுச் சான்றிதழ் கேட்கும் அன்றே திட்ட அலுவலரையும் பார்த்து, செய்த மணிகளையும் முகாம் நாட்களையும் எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுங்கள். புதிய கல்லூரியில் முதல் வாரமே பெயர் கொடுங்கள். ஓர் அணியில் நூறு பேருக்குத்தான் இடம்.