பெரிய கோவிலும் ஒரே மந்தையும்



"சபைகளெல்லாம் சேர்ந்து ஒரே பெரிய கோவிலாகக் கட்டிவிட்டால் பிரிவினை தீர்ந்துவிடாதா?" என்று கேட்போர் உண்டு. கேள்வி நல்லதே, சற்று யோசிப்போம்.

உரோமாபுரியிலுள்ள அர்ச். இராயப்பர் பேராலயத்திற்கு 1506-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. உலகின் மிகப் பெரிய தேவாலயங்களில் அது ஒன்று. அதன் செலவுக்காக ஞானப் பலன்களைப் பிரசங்கித்துப் பணம் திரட்டியபோது முறைகேடுகள் நேர்ந்தன. அவற்றைக் கண்டித்தே 1517-ல் லுத்தர் எதிர்ப்புக் கிளப்பினார். கோவில் உயர்ந்தது, மந்தையோ பிளந்தது.

நம் நாட்டிற்கு வருவோம். பிரிந்த சகோதரர்கள் 1919-ல் தரங்கம்பாடியில் கூடி ஐக்கியத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஆங்கிலிக்கன் சபையாரும், மெதடிஸ்து சபையாரும், தென்னிந்திய ஐக்கிய சபையாரும் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது 1947 செப்டம்பர் 27-ந் தேதி. இடையில் 28 வருஷம்! அதற்காகப் பாடுபட்ட அசரியா பேராயர் 1945-லேயே காலமாகிவிட்டார். அந்த இணைப்பில் நாம் சேரவில்லை. ஆயினும் அவர்களுடைய பொறுமை நமக்கும் பாடமல்லவா?

மாமல்லபுரம் போனவர்கள் இரண்டு விதமான வேலையைக் கண்டிருப்பீர்கள். கடற்கரைக் கோவில் கல்லின்மேல் கல் அடுக்கிக் கட்டியது. ரதங்களோ பாறையிலேயே செதுக்கியவை. அங்கே சிற்பி எதையும் கொண்டுவந்து சேர்க்கவில்லை. வேண்டாததை உளியால் நீக்கினான், ரூபம் வெளிப்பட்டது. திருச்சபையின் ஒற்றுமையும் இப்படித்தான். கிறிஸ்துநாதர் என்னும் பாறை ஒன்றே. அதை மறைத்து நிற்பது நம்முடைய ஆங்காரமும் ஏளனமும்.

திருச்சபையே இந்த உளியை முதலில் தன்மேல் வைத்தது. அதே இராயப்பர் பேராலயத்தில், 1964 நவம்பர் 21-ந் தேதி, பாப்பரசர் 6-ம் சின்னப்பர் கிறிஸ்தவ ஒற்றுமையைப் பற்றிய சங்கத் தீர்மானத்தைப் பிரகடனம் செய்தார். பிரிவினையில் இருதரப்பாருக்கும் குற்றமுண்டு என்றும், மனந்திரும்பாமல் ஒற்றுமை வராது என்றும் அது போதித்தது. நாமும் பிற சபையாரும் கூடி மொழிபெயர்த்த திருவிவிலியம் 1995-ல் வெளிவந்ததும் இதன் பலனே.

ஒரே திவ்விய பந்தியில் நாம் எல்லாரும் இன்னும் அமர முடியவில்லை. அந்த வேதனையை மறைக்க வேண்டாம், ஜெபமாக்குவோம்.

செங்கற்பட்டிலும் கோவளக் கரையிலும் பிற சபையில் சம்பந்தியோ மருமகளோ இல்லாத குடும்பங்கள் சிலவே. அவர்களைப் "பதிதர்" என்று பரிகசிக்கும் நாவை இன்றே அடக்குங்கள். அவர்கள் பெற்ற ஞானஸ்நானமும் கிறிஸ்துநாதருடையதே. வீட்டுக்கு வந்தால் ஒரு அதிகாரம் சேர்ந்து வாசியுங்கள். கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சேர்ந்து சொல்லுங்கள். ஜனவரி 18 முதல் 25 வரை வரும் ஒற்றுமை வாரத்தில் இந்தக் கருத்துக்காகக் குடும்ப ஜெபமாலை ஒப்புக்கொடுங்கள்.

தம்முடையவர்கள் ஒன்றாயிருக்க வேண்டுமென்று ஆண்டவர் மன்றாடியது பேராலயத்தில் அன்று. இராப்போஜனம் நடந்த ஒரு வீட்டு அறையில். நம் வீட்டிலும் அது தொடங்கலாம்.