அயலார் நடுவே இல்லறம்

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் பெருவழியில், திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் இடையே கனகம்மாசத்திரம் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரின் பெயரிலேயே ஓர் அறம் பொதிந்து கிடக்கின்றது. சத்திரம் என்பது வழிச்செல்வோர் தங்கி இளைப்பாறுதற்கு அமைந்த இடம். புகைவண்டியும் பேருந்தும் தோன்றாத காலத்தில், திருத்தணி முருகனையும் திருமலையப்பனையும் வழிபட நடந்து சென்ற அடியார்க்கு நிழலும் நீரும் உணவும் அளித்தவை இத்தகைய சத்திரங்களே. முன்பின் அறியாதார்க்கும் இடந்தருதல் அவற்றின் இயல்பு.

இவ்வட்டாரத்து மக்கட்கு வேற்றுமொழியாளரோடு கலந்து வாழ்தல் புதிதன்று. தமிழும் தெலுங்கும் இங்கு ஒரே தெருவில் ஒலிக்கும். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணிப் பகுதி ஆந்திர மாநிலத்தினின்றும் பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அன்று எல்லைக்கோடு மாறிற்று. அடுத்த வீட்டார் மாறவில்லை. ஒரு வீட்டினர் தமிழில் வினவ, எதிர்வீட்டினர் தெலுங்கில் விடை கூறும் வழக்கம் இன்றும் காணத்தக்கது.

விருந்தினரைப் பேணுதல் அரிய பண்பு. திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயின், பிறர் நாட்டில் விருந்தினராய் வாழ்தலும் அதனினும் எளிய செயலன்று. தொழில் கருதியும் கல்வி கருதியும் தமிழர் பலர் அயல்நாடு சென்று வாழும் இக்காலத்தில், அவ்வாழ்வின் இயல்பை அறிந்துகொள்ளுதல் மாணவர்க்கு இன்றியமையாதது. அதற்குத் தாய்லாந்து நாடு தக்க எடுத்துக்காட்டாகும்.

தாய்லாந்தின் பழைய பெயர் சயாம் என்பது. 1939-ஆம் ஆண்டில் அந்நாடு இன்றைய பெயரைப் பெற்றது. அந்நாட்டு மக்கள் இந்தியரைக் ‘கெக்’ என்னும் சொல்லாற் குறிப்பர். அச்சொல்லுக்கு விருந்தினர் என்பது பொருள். தலைநகராகிய பாங்காக்கில், சீலோம் என்னும் பெருந்தெருவில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்குக் குடியேறிய தமிழர் எடுப்பித்த மாரியம்மன் கோயில் ஒன்று உள்ளது. தாய் மக்கள் அதனை ‘வாட் கெக்’, அஃதாவது ‘விருந்தினர் கோயில்’ என்று வழங்குகின்றனர். தமிழரினும் தாய் மக்களே மிகுதியாக அங்கு வந்து மலர் சார்த்தி வழிபடுவதைக் காணலாம். விருந்தினரின் தெய்வம் வீட்டாரின் தெய்வமாகவும் ஆயிற்று.

இவ்வுறவு நேற்று முளைத்ததன்று. தாய்லாந்தின் மேலைக் கடற்கரையில் உள்ள தகுவாபா என்னும் இடத்தில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. நாங்கூர்த் தலைவன் ஒருவன் அங்குக் குளம் தோண்டியதையும், அவனி நாரணம் என்னும் பெயருடைய அக்குளம் மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவினரின் காவலில் வைக்கப்பட்டதையும் அக்கல்வெட்டு தெரிவிக்கின்றது. பொருளீட்டச் சென்ற தமிழர், சென்ற இடத்தில் விட்டுவந்த அடையாளம் ஒரு நீர்நிலையாகும். பாங்காக்கில் அரசவை அந்தணர் ஆண்டுதோறும் நிகழ்த்தும் விழாவொன்றுக்குத் ‘திரியம்பாவை, திரிபாவை’ என்று பெயர். திருவெம்பாவை, திருப்பாவை என்னும் தமிழ்நூற் பெயர்களே அவ்வாறு திரிந்தன என்பது அறிஞர் கண்ட முடிவு.

இனி, கனகம்மாசத்திரத்திலிருந்து பாங்காக்குக்குச் சென்று இல்லறம் நடத்தத் தொடங்கும் குடும்பம் ஒன்றை மனத்திற் கொள்வோம். சென்னையில் வானூர்தி ஏறினால் ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்தில் பாங்காக்கில் இறங்கலாம். கைக்கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்தள்ளி வைத்தல் வேண்டும். உள்ளத்தை அந்நாட்டோடு பொருத்திக்கொள்வதற்கோ பல திங்கள் ஆகும்.

வாடகைக்கு எடுத்த வீட்டின் முற்றத்தில், தூணின் மேல் நிறுத்திய சிறு கோயில் ஒன்றை அக்குடும்பத்தார் காண்பர். அது நிலத்தைக் காக்கும் தெய்வத்தின் இருக்கை. அத்தெய்வத்தைப் ‘பிரா பூம்’ என்பர். பூமி என்னும் சொல்லே அங்குப் ‘பூம்’ என நின்றது. வீட்டுக்கு உரியவர் அதன் முன்னே சோறும் நீரும் மலரும் படைப்பர். ஊரெல்லையில் காவல் தெய்வத்தை வணங்கிப் பழகிய தமிழர்க்கு இஃது அயன்மையாகத் தோன்றாது. இடத்தை அடைக்கின்றதென்று அதனை அகற்ற முனைதலோ, அதன்மேல் துணி உலர்த்துதலோ பெரும்பிழையாகும்.

மிதியடியை வாயிலிற் கழற்றிவிட்டு உட்புகுதல் இரு நாட்டார்க்கும் பொதுவான வழக்கம். ஆனால், ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்க வேறுபாடு ஒன்று உண்டு. தாய் மக்கள் தலையை உடலின் மிகத் தூய உறுப்பாகவும், காலை மிகத் தாழ்ந்த உறுப்பாகவும் கருதுவர். அடுத்த வீட்டுக் குழந்தையின் தலையை அன்போடு தடவுதல் தமிழர்க்கு வாழ்த்து. அங்கு அது மதிக்குறைவாகக் கொள்ளப்படும். அமரும்பொழுது காலைப் பிறர் முகத்துக்கு எதிரே நீட்டுதலும் ஆகாது. பௌத்தத் துறவியரைப் பெண்கள் தீண்டலாகாது. காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் பொதுவிடங்களில் நாட்டுப்பண் ஒலிக்கும்பொழுது, நடப்போர் அனைவரும் நின்றுவிடுவர். உடன் நிற்றல் விருந்தினர் கடமை. அரசரை இழித்துப் பேசுதல் அங்குக் கடுஞ்சிறைக்கு உரிய குற்றமாகும்.

அடுக்களையில் எழும் கவலைகளும் பல. அரிசி, தேங்காய், புளி, மிளகாய், மஞ்சள் ஆகியன யாவும் அங்குத் தாராளமாகக் கிடைக்கும். ஆயினும், புலால் உண்ணாதார்க்கு ஓர் இடர் உண்டு. காய்கறிக் கறியிலும் உப்புக்கு ஈடாக ‘நாம் பிளா’ என்னும் மீன்சாற்றை ஊற்றுதல் அந்நாட்டு வழக்கம். “இறைச்சி வேண்டா” என்று மட்டும் கூறினால் மீன்சாறு விலகாது. அதற்கு உரிய சொல்லை அறிதல் வேண்டும். ‘மங்சவிரத்’ என்பது அச்சொல். வடமொழியில் மாமிசத்தையும், விலகுதல் எனப் பொருள்படும் விரதி என்பதையும் சேர்த்து அமைந்த சொல்லே அது. சீனர் வழிவந்த ‘ஜே’ என்னும் சைவ உணவும் உண்டு. அதனை விற்கும் கடைகளில் மஞ்சள் நிறக் கொடியில் சிவந்த எழுத்துகளைக் காணலாம். வெங்காயமும் பூண்டுங்கூட அவ்வுணவிற் சேரா.

மொழியைப் பொறுத்தவரை, தாய்மொழியில் ஐவகை ஒலியேற்ற இறக்கங்கள் உண்டு. ‘காவ்’ என்னும் ஓரொலியே ஒருவகை இசையிற் கூறினால் சோறு, வேறொருவகையிற் கூறினால் செய்தி, இன்னொருவகையில் வெண்மை. கடைக்காரரிடம் சோறு கேட்கப் புகுந்தவர் செய்தி கேட்டு நிற்கும் நிலை ஏற்படுவதுண்டு. அவர் நகைத்தால் உடன் நகைத்துத் திருத்திக்கொள்வதே அறிவுடைமை. மொழி கடினமாயினும், அதன் உள்ளம் தமிழர்க்கு அணுக்கமானது. ‘சோறு உண்டாயிற்றா?’ என்பதே அங்கும் நலம் வினவும் மொழி. வயதில் மூத்தாரைப் ‘பீ’ என்றும் இளையாரை ‘நோங்’ என்றும் அழைப்பர். பேருந்து நடத்துநரையும் காய்கறி விற்பவரையும் அண்ணன், அக்காள், தம்பி என்று அழைத்துப் பழகிய தமிழர்க்கு இதனைக் கற்பிக்க வேண்டுவதில்லை. பிறர்க்கு உதவும் பண்பை அவர்கள் ‘நாம் சாய்’ என்பர். நாம் என்றால் நீர். சாய் என்றால் உள்ளம். ‘நெஞ்சில் ஈரம் உடையவர்’ என்று தமிழர் கூறுவதும் இதுவன்றோ!

அவர்தம் மற்றொரு பண்பு ‘கிரெங் சாய்’ என்பது. பிறருக்குத் தொல்லை தரக் கூசும் மனநிலை அது. இரவில் பாட்டொலி மிகுந்தாலும் அயல்வீட்டார் வந்து கடிந்துரையார். புன்முறுவலோடு ஒதுங்கிச் செல்வர். அம்முறுவலை இசைவு எனக் கொள்ளுதல் பேதைமை. அவர் சொல்லாததை உணர்ந்து ஒலியைக் குறைத்துக்கொள்பவரே நல்ல அயலார்.

காலத்தை அளக்கும் முறையிலும் கருத்து வேண்டும். பேச்சு வழக்கில் தாய் மக்கள் நாளை ஆறாறு மணியாகப் பகுத்து எண்ணுவர். இரவில் முரசறைந்து காலம் அறிவித்த பழமையை ஒட்டி, இரவு 7 மணியை ‘ஒரு தும்’ என்றும் 8 மணியை ‘இரண்டு தும்’ என்றும் கூறுவர். ‘இரண்டு தும்முக்கு விருந்து’ என்றால், பிற்பகல் இரண்டு மணிக்குச் சென்று பூட்டிய கதவின் முன் நிற்கலாகாது. ஆண்டுக்கணக்கும் வேறு. புத்தர் பெயரால் வழங்கும் அவ்வாண்டு, நாம் எண்ணும் ஆண்டினும் 543 மிகுதியாகும். 2025-ஆம் ஆண்டு அங்கு 2568 எனப்படும். மருந்துப் புட்டியின் மேலும் அரசாங்கத் தாளின் மேலும் இவ்வெண்ணைக் காணும்பொழுது மயங்குதல் கூடாது.

போக்குவரத்து எளிது. வண்டிகள் நம் நாட்டிற்போல இடப்பக்கமே செல்லும். இருபுறமும் பலகையிட்ட ‘சோங்தெவ்’ வண்டிகளும், கால்வாய்ப் படகுகளும், உயர்பால இரயில்களும் உண்டு. ஆனால், நாட்டைவிட்டுப் போய்வருதலிற் கவனம் வேண்டும். அயல்நாட்டார் தம் வீட்டில் தங்கினால், வீட்டுக்கு உரியவர் 24 மணி நேரத்திற்குள் குடிநுழைவுத் துறைக்கு அறிவித்தல் வேண்டும். தொடர்ந்து 90 நாள்களுக்கு மேல் தங்குவோர், 90 நாள்களுக்கு ஒருமுறை தம் முகவரியைத் தெரிவித்தல் வேண்டும். ஊரில் தாய்க்கு உடல்நலமில்லை என்று கேட்டுப் பதறி, மறுநுழைவு இசைவு பெறாமல் வானூர்தி ஏறினால், பெற்றிருந்த தங்கல் உரிமை அழிந்துவிடும். தொழில் செய்யத் தனி இசைவு வேண்டும். சுற்றுலா இசைவில் வந்து வேலை செய்தல் குற்றம்.

இவ்விதிகள் வெறுந்தொல்லை என்று சிலர் எண்ணுவர். அவை இல்லாதபொழுது மனிதர் அடைந்த துயரை வரலாறு காட்டுகின்றது. பாங்காக்கின் மேற்கே காஞ்சனபுரி என்னும் நகரம் உள்ளது. கனகம், காஞ்சனம் ஆகிய இரண்டும் பொன்னையே குறிக்கும் சொற்கள். பொன்னின் பெயர் கொண்ட அந்நகரின் வழியே, 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சப்பானியப் படையினர் பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைத்தனர். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அவ்வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நல்ல கூலி என்று நம்பிச் சென்றவரும் உண்டு. வலிந்து இழுத்துச் செல்லப்பட்டவரும் உண்டு. பசியாலும் வாந்திபேதியாலும் அவருள் பெருந்தொகையினர் மாண்டனர். உடன் உழைத்து மாண்ட மேலைநாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் அந்நகரில் உள்ளன; தமிழர் பலருக்கோ பெயர் எழுதிய ஏடும் இல்லை.

அக்காலம் கழிந்தது என்று இருத்தலும் ஆகாது. 2022-ஆம் ஆண்டில், தாய்லாந்தில் கணினி வேலை, நிறைந்த ஊதியம் என்ற விளம்பரத்தை நம்பிச் சென்ற இந்திய இளைஞர் பலர் ஏமாற்றப்பட்டனர். அவருள் தமிழரும் இருந்தனர். எல்லை கடத்தி மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பிறரை இணையவழி வஞ்சிக்கும் தொழிலில் அவர்கள் வலிந்து ஈடுபடுத்தப்பட்டனர். இந்திய அரசு அவ்வாண்டிலேயே எச்சரிக்கை விடுத்தது. வேலை தருவோர் யார், முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா, தொழில் இசைவு உண்டா என்று புறப்படுமுன் ஆராய்தல் வேண்டும். கடவுச்சீட்டைப் பிறர் கையில் ஒப்படைத்தல் கூடாது. விருந்தினர் என்னும் பெயர் உரிமையோடு சென்றார்க்கே பொருந்தும்.

உரிமையோடு சென்று, பணிவோடு வாழ்வார்க்கு அந்நாடு இனியது. ஏப்ரல் 13-ஆம் நாள் தொடங்கும் ‘சொங்கிரான்’ அவர்தம் புத்தாண்டு விழா. சங்கராந்தி என்பதே அச்சொல்லின் மூலம். இளையோர் முதியோரின் கைகளில் நறுநீர் வார்த்து வாழ்த்துப் பெறுவர். மறுநாளில் தமிழர்க்கும் சித்திரைப் புத்தாண்டு. அன்று கனகம்மாசத்திரத்துக் குடும்பத்தார் மாங்காய்ப் பச்சடியை அயல்வீட்டுக்கு அனுப்பினால், அவ்வீட்டு மூதாட்டி மல்லிகை மிதக்கும் நீர்க்கிண்ணத்தோடு எதிர்வருவார். மல்லிகையை அவர் ‘மலி’ என்பார்.

தாய்லாந்தின் வழியோரங்களில், நாற்புறமும் திறந்து கூரை மட்டும் வேய்ந்த சிறு மண்டபங்களைக் காணலாம். வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குதற்கு அறம் கருதி மக்கள் அமைத்தவை அவற்றுட் பல. அவற்றின் பெயர் ‘சாலா’. அறச்சாலை, பாடசாலை என்று நாம் வழங்கும் சாலை என்னும் சொல்லே அது. சத்திரம் உள்ள ஊரிற் பிறந்தவர் அதன் நிழலில் ஒரு நாழிகை அமரலாம். எழுந்து செல்லும்பொழுது, பின்னே வருவோர்க்காக அவ்விடத்தைத் தூய்மையாக விட்டுச் செல்லுதல் அவர் கடமை.