குறும்படம் தொகுக்கும் மாணவர்க்கு

திருநீர்மலை அடிவாரத்தில், நீர்வண்ணப் பெருமாள் கோயிலுக்கு அருகே துளசி மாலை விற்கும் ஒரு மூதாட்டியைக் கதாநாயகியாக வைத்து ஏழு நிமிஷக் குறும்படம் ஒன்றை எடுத்து முடித்த மூன்று கல்லூரி மாணவர்கள், சென்ற மாதம் ஒரு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். பார்க்க அழகான படம், கேட்கத்தான் முடியவில்லை. கிழவியின் வாய் "மாலை வாங்கிக்கோப்பா" என்று அசைந்து ஓய்ந்த பிறகு குரல் வந்து சேரும். ஒரு வாக்கியத்தின் முற்பாதியில் விமானம் உறுமும். பிற்பாதியில் அவ்வுறுமல் கத்தியால் அறுத்தாற்போல் மறைந்துவிடும். "மியூசிக் போட்டா மறைஞ்சிடும் சார்" என்றான் ஒருவன். "மறையாது தம்பி, மியூசிக்கும் சேர்ந்து கெடும்" என்றேன்.

கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் காட்டிய கார்த்திக் சுப்புராஜ் 2012இல் 'பீட்சா'வையும், நலன் குமாரசாமி 2013இல் 'சூது கவ்வும்' படத்தையும் எடுத்துப் பெயர் பெற்ற நாள்முதலாக, கையில் கைபேசி உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் இந்த ஆசை பிறந்திருப்பது நியாயமே. ஆனால் ஆசைப்படுகிறவர்களில் பெரும்பாலோர் கண்ணை நம்பிக் காதை மறந்துவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். ஆகையால் இக்கட்டுரையில் காதுக்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

அதற்கு முன் ஆயத்தமாகச் சில சொற்கள்: கதை ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். கோயிலுக்குள் படம் எடுப்பதானால் நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி பெறுக. விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் டிரோன் என்ற எண்ணத்தையே விட்டுவிடுக. மென்பொருளைப் பொறுத்தவரை, கணினி வலுவுள்ளதாயின் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. அரசு கொடுத்த பழைய மடிக்கணினியாயின் ஷாட்கட் அல்லது கேடென்லைவ். இவற்றில் எதை எடுத்தாலும் ஒரு படம் முடியும்வரை மாற்றலாகாது.

எடுத்த காட்சிகள் அனைத்தையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, அதை ஹார்ட் டிஸ்கில் நிலையான ஓரிடத்தில் வைத்த பின்னரே மென்பொருளைத் திறக்கவேண்டும். பென் டிரைவிலிருந்து நேரே இழுத்துப் போட்டுவிட்டு அதைக் கழற்றி நண்பனிடம் கொடுத்தவன், மறுநாள் காலையில் 'மீடியா ஆஃப்லைன்' என்ற சிவப்புத் திரையைப் பார்த்து முகம் வெளிறி நிற்பான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பிராஜெக்டைத் திறந்த மறுகணமே காட்சிகளை டைம்லைனில் கொட்டுகிற அவசரம்தான் பிற்பாடு நேரும் அனர்த்தங்களுக்கெல்லாம் மூலகாரணம். பல கைபேசிகள் வினாடிக்கு 30 பிரேம் என்று பேர் பண்ணிக்கொண்டு, வெளிச்சம் குறைந்தாலோ தமக்குச் சூடேறினாலோ ஒரு வினாடியில் 29உம் மறுவினாடியில் 27உமாகப் பதிவு செய்யும் சுபாவம் உடையவை. கைபேசியிலேயே போட்டுப் பார்க்கையில் இக்குறை தெரியாது. எடிட்டிங் மென்பொருளோ எல்லா வினாடிகளும் சமமான பிரேம்களை உடையவை என்ற நம்பிக்கையில் கணக்குப் போடுவதால், முதல் நிமிஷத்தில் உதட்டோடு ஒட்டியிருந்த குரல் மூன்றாம் நிமிஷத்தில் விலகிப் போய்விடுகிறது. இம்மாணவர்கள் அதற்குச் செய்த பரிகாரம், ஒலியைத் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் கையால் நகர்த்தி ஒட்டுப்போட்டது. இரண்டு இரவு விழித்தார்களாம், ஒட்டு நிற்கவில்லை.

சரியான மார்க்கம் இது. ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளில் கோப்புகளை ஏற்றி, வீடியோ பகுதியில் 'கான்ஸ்டன்ட் பிரேம்ரேட்' என்பதைத் தேர்ந்து, எண்ணிக்கையை 30 என்றே நிறுத்தி, புதிய பிரதிகளை எடுத்து, அவற்றையே தொகுப்புக்கு உபயோகிக்கவேண்டும். மூலக் கோப்புகளை அழித்துவிடக்கூடாது. டைம்லைனும் 30 ஆகவே இருக்கட்டும். டாவின்சியில் காட்சி ஏறியபின் அதை மாற்ற இடமில்லை. 24 வைத்தால் சினிமாத் தோற்றம் வரும் என்று எவனோ சொன்னதைக் கேட்டு, 30இல் எடுத்ததை 24 டைம்லைனில் போடுகிறவனோடு நான் வாதிடுவதில்லை. காமிரா திரும்பும்போது படம் தத்தித் தத்திப் போவதை அவனே பார்த்துக்கொள்வான். வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுப்பதானால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆகையால், ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் திரை மினுக்காது.

ஒலியைத் தனியாக இன்னொரு கைபேசியில் பதிவதே உத்தமம். பேசுகிறவரின் சட்டைப்பையில் அதை வைத்தாலே போதும். ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் காமிராவுக்கு முன்னால் ஒருமுறை பலமாகக் கைதட்டுக. இயக்குநர் பீம்சிங்கின் புதல்வரான எடிட்டர் பி. லெனின் 'நாக் அவுட்' குறும்படத்தை எடுத்த 1992ஆம் ஆண்டுக் காலத்தில் படம் ஒரு சுருளிலும் ஒலி வேறொரு சுருளிலும் இருந்தன. இரண்டையும் பொருத்துவதற்காகவே கிளாப் பலகை ஏற்பட்டது. டைம்லைனிலும் அதே காரியம்தான்: உள்ளங்கைகள் சேரும் பிரேமையும், ஒலிக்கோட்டில் ஊசிபோல் எழும் முனையையும் நேர்ப்படுத்திவிட்டால் பொருத்தம் முடிந்தது.

விமானத்துக்கு வருவோம். மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து இப்பெருமாளைச் சேவித்தார் என்பது தலவரலாறு. ஒரு விமானம் கடந்து போகும் ஒரு நிமிஷம் காத்திருக்க நம் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை. காத்திருங்கள். அது முடியாமற்போனால் அதற்கும் ஒரு குறுக்குவழி உண்டு: விமானம் தொலைவில் முனகத் தொடங்குவது முதல் முற்றிலும் ஓய்வது வரை ஒலியை மட்டும் தனியே பதிந்து, அதை மூன்றாவது டிராக்கில், உறுமல் உள்ளதும் இல்லாததுமான இரண்டு ஷாட்டுகளுக்கும் அடியில் ஒரே ஜமுக்காளமாக விரித்துவிட வேண்டும். கிழவி தலை நிமிர்ந்து வானத்தைப் பார்க்கும் ஒரு ஷாட்டும் கையில் இருந்தால், குறையே கதையின் அங்கமாகிவிடும். இதைப் போலவே, ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிஷம் அந்த இடத்தின் அமைதியை மட்டும் பதிவு செய்து வருவது கட்டாயம். படிக்கட்டின் அமைதியும் அடிவாரக் கடைத்தெருவின் அமைதியும் வேறுவேறு என்பது வெட்டி ஒட்டும்போதுதான் தெரியும்.

வெட்டும்போது படத்தையும் ஒலியையும் ஒரே இடத்தில் வெட்டுவது கற்றுக்குட்டியின் லட்சணம். அடுத்த காட்சியின் ஒலி அரை வினாடி முந்தி வரட்டும்: கிழவியின் முகம் திரையில் இருக்கும்போதே கோயில் மணி கேட்கத் தொடங்கி, அதன் பிறகு மணி தெரியுமானால், பார்ப்பவருக்கு வெட்டு நடந்ததே தெரியாது. ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு முழுப்படத்தையும் கேளுங்கள்; திடுக்கிட்ட இடமெல்லாம் குறை உள்ள இடம்.

பக்கம் புரளுவது, நட்சத்திரம் சிதறுவது போன்ற டிரான்சிஷன்களுக்கு என் வீட்டில் அனுமதி இல்லை. வண்ணத் திருத்தம் கடைசி நாளில் செய்யவேண்டிய காரியம்.

எல்லாம் முடிந்தபின் 1080 அளவில், எச்.264 வடிவில் எக்ஸ்போர்ட் செய்து, ஹெட்போன் இல்லாமல் மலிவான கைபேசி ஒன்றில், சமையலறையில் குக்கர் விசிலடிக்கும் வேளையில் போட்டுக் கேளுங்கள். கிழவி சொல்வதில் ஒரு சொல் விளங்காவிட்டாலும், அவள் குரலை ஏற்றாமல் இசையைக் குறைத்து, மறுபடியும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.